என் கூஜாவுக்கு நான் கண்டுபிடித்த மூடி

எங்கள் பக்கத்தில் ஒருவர் வண்டியை இரவல் கேட்டால், மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். உரலைக் கேட்டால் உளுந்து ஊறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். தண்ணீர் கேட்டவரிடம் மட்டும் இல்லை என்று சொல்ல முடியாது. அதிலும் கையில் கூஜாவை வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. சொன்னவளுடைய பெயர் அவள் போய்ச் சேருவதற்கு முன்பே ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்த நல்ல வழக்கம்தான் என்னைக் கெடுத்தது.

இரண்டாவது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். என் மகன் கதிர்வேலுக்கு அப்போது ஒன்றரை வயது. பேதி வந்து அப்போதுதான் தேறியிருந்தான். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "தண்ணியைக் காய்ச்சிக் குடும்மா" என்று ஒரே ஒரு தடவை, ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் எட்டாவது வரை படித்தவள். படித்தவளிடம் ஒன்றைச் சொன்னால் அது ஒன்பதாகும். தண்ணீரைக் காய்ச்சுவேன். காய்ச்சிய பிறகு, அது உண்மையாகவே கொதித்ததா அல்லது கொதிப்பதுபோல் பாவனை செய்ததா என்று சந்தேகம் வரும். மறுபடி காய்ச்சுவேன். ஆறவைத்து வேட்டித் துணியில் வடிகட்டுவேன். பிறகு, அந்த வேட்டித் துணியைக் காய்ச்சவில்லையே என்று ஞாபகம் வரும். (அன்றைக்கு எங்கள் வீட்டில் சோறு பொங்க விறகு மிஞ்சினால் அதிசயம்.)

வீட்டில் இருக்கும்வரை இது என்னோடு போயிற்று. வெளியூர் போனால்தான் ஆபத்து. எங்களிடம் ஒரு பித்தளைத் திருகு கூஜா இருந்தது. உள்ளே ஈயம் பூசியது, என் அப்பா சீராகக் கொடுத்தது. அதில் காய்ச்சின தண்ணீரை நிரப்பிக்கொண்டு ஒருமுறை சேலத்துக்கு ரயிலில் போனோம். பொம்மிடியில் ஏறினோம். என் வீட்டுக்காரருடைய அக்கா ராஜம்மாள் அண்ணியும் கூட வந்திருந்தார். அண்ணிக்குத் தாராள மனசு. என் கூஜாவைப் பொறுத்தவரை இன்னும் தாராளம்.

"பாவம், பெரியவர் நாக்கு வறண்டு கெடக்கறாரு. தனம், அந்தக் கூஜாவ இப்பிடிக் குடு."

பெரியவர் அண்ணாந்து குடித்தார். அவர் பக்கத்திலிருந்தவர் குடித்தார். அவருடைய சம்சாரம் குடித்து, முகத்தையும் கழுவிக்கொண்டார். இருமுறை காய்ச்சின தண்ணீர் ஜன்னல் வழியே போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேலம் வருவதற்குள் கூஜா காலி. அங்கே கண்ட தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, அவன் வயிற்றை நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். (அவன் கூச்சத்தில் சிரித்தான். அந்தச் சிரிப்பும் ஜுர வேகமோ என்று நெற்றியைத் தொட்டேன்.)

அடுத்த பயணத்தில் கூஜாவைத் துணி மூட்டைக்குள் ஒளித்தேன். அண்ணி மோப்பம் பிடித்துவிட்டார். அதற்கடுத்த முறை, "மருந்துத் தண்ணிங்க" என்று சொல்லிப் பார்த்தேன். எதிரே இருந்த அம்மாள், "மருந்தா? எனக்கும் மொழங்கால் வலிதான். ரெண்டு முழுங்கு ஊத்து தாயி" என்றார்.

"மூடிக்கு ஒரு பூட்டுப் போட்டா என்னங்க?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் கடத்தூரில் பள்ளிக்கூட வாத்தியார். எதற்கும் சட்டென்று பதில் சொல்லமாட்டார். வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "தண்ணிக்குப் பூட்டுப் போட்ட வூடுன்னு பேராயிரும். அப்புறம் நான் வேற ஊருக்கு மாத்தல் கேக்கணும்" என்றார்.

பூட்டு வேண்டும், ஆனால் அது பூட்டு என்று யாருக்கும் தெரியக் கூடாது. இந்த நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. சாணி தெளிக்கும்போது மூடி, குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூடி. ஒரு நாள் காலையில் திருகையில் ராகி அரைத்துக்கொண்டிருந்தேன். கை தானாக ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மாற்றிச் சுற்றிப் பார்த்தேன். கை மக்கர் செய்தது. சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். எல்லோருடைய கையும் பழகிய பக்கம்தானே திருகும்? மூடி எதிர்ப்பக்கம் திறந்தால்? யார் திறக்கப் பார்த்தாலும் அது இன்னும் இறுகத்தானே செய்யும்? எனக்கு மட்டும் ரகசியம் தெரியும். யாரிடமும் 'தண்ணீர் இல்லை' என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மூடியே சொல்லிவிடும்!

(அந்த நேரம் என்னைப் போன்ற மூளைசாலி சேலம் ஜில்லாவிலேயே கிடையாது என்று நினைத்தேன். எட்டாவதோடு நிறுத்திவிட்டாரே என்று அப்பா மேல் கோபம்கூட வந்தது.)

கடத்தூர்ச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரப் பட்டறை இருந்தது. பட்டறைக்காரர் கூஜாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானுங்களே இருக்குது அம்மிணி? எதுக்கு மரைய மாத்தச் சொல்றீங்க?"

"எங்க வூட்டுல எல்லாரும் எடக்கைக்காரங்க" என்றேன்.

என் ஆயுளில் நான் சொன்ன முதல் பெரிய பொய் அதுதான். அவர் நம்பினாரோ இல்லையோ, பழைய மரையை ராவி எடுத்துவிட்டு, கழுத்திலும் மூடிக்குள்ளும் பித்தளைக் கம்பியை எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பற்றவைத்துக் கொடுத்தார். ஒழுகாமல் இருக்க, சைக்கிள் ட்யூபில் வளையம் வெட்டி உள்ளே வைக்கும் யோசனையும் என்னுடையதுதான்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் கொடுத்து, "கொஞ்சம் தொறந்து குடுங்க" என்றேன். அவர் முக்கினார். முகம் சிவந்தது. "என்னடி இது, துரு ஏறிப்போச்சா?" என்றார். பித்தளைக்கு ஏது துரு? நான் அடுப்படிக்குக் கொண்டுபோய் எதிர்ப்பக்கம் லேசாகத் திருகினேன். திறந்துகொண்டது. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். கதிர்வேலுக்குத் திறந்து காட்டினேன். அவன்தான் கைதட்டினான். வேறு யாரிடமும், வீட்டுக்காரரிடம்கூட, ரகசியத்தைச் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் அக்காவிடம் சொல்வார். அக்காவிடம் சொன்னால் சந்தையில் தண்டோரா போட்டது மாதிரி.

சித்திரை மாதம், திருப்பத்தூர்ப் பக்கத்தில் ஒரு கல்யாணம். வீட்டுக்காரரின் சித்தப்பா மகள்தான் பெண். கூண்டு வண்டி கட்டிக்கொண்டு பொம்மிடிக்குப் போய் ரயில் ஏறினோம். அண்ணியும் வந்தார். என் மடியில் கதிர்வேல், காலடியில் கூஜா. கூஜா பளபளவென்று எல்லோருடைய கண்ணிலும் படும்படி இருந்தது. இனி ஒளிக்க வேண்டிய அவசியம் என்ன?

மொரப்பூர் தாண்டியதும் வண்டி நடுக்காட்டில் கிளைத் தண்டவாளத்தில் ஒதுங்கி நின்றுவிட்டது. பட்டாள ஸ்பெஷல் வருகிறதாம். அது போன பிறகுதான் நாங்கள் போகலாமாம். இரண்டு பக்கமும் காய்ந்த நிலம். காற்று இல்லை. பெட்டிக்குள் அவியல்.

"தனம், கொஞ்சம் தண்ணி ஊத்து."

"மூடி ரொம்ப இறுக்கமாயிருக்குங்க அண்ணி" என்றேன் பணிவாக.

"குடு இங்க. கை எதுக்கு இருக்குது?" அண்ணி கூஜாவைத் தொடைகளுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு திருகினார். பிறகு தம்பியிடம் நீட்டினார். வீட்டுக்காரர் ஏற்கெனவே தோற்றவர்; மானம் காக்க இரண்டு மடங்கு பலத்தோடு திருகினார். அதற்கும் பிறகு அது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு தடித்த ஆளிடம் போயிற்று. சிலம்ப வாத்தியாராம். தொடை போல் கை. அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

நான் குனிந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். என் மூடி ஜெயித்துவிட்டது!

அப்போது கதிர்வேல் விழித்துக்கொண்டான். உதட்டை நக்கினான். "தண்ணி" என்றான்.

நான் நிதானமாகக் கூஜாவை எடுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, என் ரகசியப் பக்கம் திருகினேன்.

அசையவில்லை.

ஒருவேளை பக்கம் தவறிவிட்டதோ? மறுபக்கம் திருகினேன். அது இன்னும் கொஞ்சம் இறுகியது. ஐயோ, முதலில் திருகியதுதான் சரி. அல்லது வீட்டில் கூஜாவை வேறு மாதிரிப் பிடித்துக்கொண்டு திருகினேனா? திருகையில் ராகி அரைப்பதாக நினைத்துக்கொண்டு கையைக் காற்றில் சுற்றிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள், அம்மாளுக்குச் சாமி வருகிறதோ என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"தண்ணீ!" கதிர்வேல் வீரிட்டான். தாய்ப்பால் மறக்கடித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அதுவும் இல்லை, இதுவும் இல்லை. அவன் உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது. தண்ணீர் என் மடியில் குலுங்குகிறது, சத்தம் கேட்கிறது, ஒரு சொட்டு எடுக்க வழியில்லை.

"கொழந்தைக்குங்களா? அட, அப்பவே சொல்லக் கூடாதுங்களா?" என்று சிலம்ப வாத்தியார் எழுந்தார். போன தடவை அவர் விளையாட்டாகத் திருகியிருந்தார். இப்போது துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, காலை எதிர்ப் பலகையில் ஊன்றி, முருகனைக் கூப்பிட்டுத் திருகினார். பழகிய பக்கம்தான்! நான் "வேண்டாங்க, வேண்டாங்க" என்றேன். "சங்கடப்படாதீங்க அம்மிணி" என்று அவர் இன்னும் பலமாகத் திருகினார். ஒவ்வொரு திருகுக்கும் என் பிள்ளையின் தண்ணீர் ஒரு மைல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

சொல்லிவிடலாமா? சொன்னால் அண்ணி என்ன நினைப்பார்? சொல்லாவிட்டால் பிள்ளை என்ன ஆவான்? வாயைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன்.

"அந்தப் பக்கம் இல்லீங்க!" என்று கத்திவிட்டேன். "மாத்தித் திருகணுங்க. அது... மாத்தி வெச்சிருக்குதுங்க."

பெட்டி முழுக்க என் பக்கம் திரும்பியது. கதிர்வேல்கூட அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"மாத்தி வெச்சிருக்குதா?" என்றார் அண்ணி. "யாரு வெச்சா?"

"நாந்தானுங்க."

"எதுக்கு?"

"யாரும் தொறக்கக் கூடாதுன்னுங்க."

"யாருன்னா யாரு தனம்? திருடனா, நானா?"

எட்டாவது வரை படித்த நான் கதிர்வேலின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் போட்டேன். வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே, ஒன்றுமே இல்லாத காட்டை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிலம்ப வாத்தியார் இப்போது எதிர்ப்பக்கம் திருகினார். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். மூடி சுற்றியது. "வந்துருச்சு!" என்று எல்லோரும் கூவினார்கள். வரவில்லை, சுற்றியது, அவ்வளவுதான். பற்றவைத்த கம்பி விட்டுப்போய் உள்ளே சிக்கிக்கொண்டது. இந்தப் பக்கம் திருகினாலும் சுற்றியது, அந்தப் பக்கம் திருகினாலும் சுற்றியது, பம்பரம் மாதிரி. ஆனால் சைக்கிள் ட்யூப் வளையம் அழுத்திப் பிடித்திருந்ததால் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. (அந்த விஷயத்தில் மட்டும் என் கண்டுபிடிப்பை யாரும் குறை சொல்ல முடியாது.)

அண்ணி கதிர்வேலை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார். கொஞ்ச தூரத்தில் யாரோ மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைக்கும் சத்தம் கேட்டது. "ஏனுங்க வாத்தியாரே, அந்தக் கெணத்துல கொஞ்சம் தண்ணி பிடிச்சாருவீங்களா?" என்றார். சிலம்ப வாத்தியார் தன் சொம்பை எடுத்துக்கொண்டு குதித்து ஓடினார்.

அவர் கிணற்றடிக்குப் போய்ச் சேரவும், பட்டாள ஸ்பெஷல் எங்களைத் தாண்டித் தடதடவென்று போகவும் சரியாக இருந்தது. எங்கள் எஞ்சினும் ஊதியது. "ஐயா, வாங்க!", "ஓடியாங்க!" என்று பெட்டி முழுக்கத் தலையை வெளியே நீட்டிக் கத்தியது. நான் எதற்காகக் கத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் வர வேண்டும். ஆனால் காய்ச்சாத அந்தத் தண்ணீர் வர வேண்டுமா? வண்டி நகர ஆரம்பித்த பிறகு, பாதித் தண்ணீரைத் தன் மேலும் மீதியைச் சொம்பிலுமாகக் கொண்டுவந்து அவர் தாவி ஏறினார்.

அண்ணி உள்ளங்கையைக் குழித்துக் கதிர்வேல் வாயில் சேர்த்துப் புகட்டினார். அவன் கடகடவென்று குடித்தான். ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு ஒரு வியாதியின் பெயர் ஞாபகம் வந்தது. குடித்து முடித்துவிட்டு ஏப்பம் விட்டு, அண்ணியின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான்.

"உங்களுக்குங்க?" என்று வாத்தியார் சொம்பை என்னிடம் நீட்டினார். என் தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்கி அண்ணாந்து குடித்தேன்.

"அது காய்ச்சாத தண்ணியாச்சே தனம்!" என்றார் அண்ணி. பெட்டி சிரிப்பில் அதிர்ந்தது. நல்லவேளை, அவரும் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி என் முதுகில் ஒரு அறை வைத்து, "போடி பைத்தியக்காரி. கொழந்தைக்குன்னு ஒரு வார்த்த சொன்னா நான் தொடுவனா?" என்றார்.

தொட்டிருக்கமாட்டார்தான். ஆனால், பாவம் யாரோ ஒரு பெரியவருக்குக் கொடுத்திருப்பார்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். கல்யாண வீட்டில் இறங்கிய நொடியிலிருந்து அண்ணி இதைச் சொல்ல ஆரம்பித்தார். பந்தலுக்குள் என் கூஜா கை மாறிக்கொண்டே இருந்தது. சமையல்காரர் திருகினார், நாயனக்காரர் திருகினார். தாலி கட்டி முடித்து, பானைக்குள் மோதிரம் தேடும் விளையாட்டு நடந்தபோது, பெண்ணின் தோழிகள் கூஜாவை மாப்பிள்ளை முன்னால் வைத்தார்கள். "மாப்ளைக்கு சாமர்த்தியம் இருந்தா இதைத் தொறக்கட்டும்!"

மாப்பிள்ளை திருகவே இல்லை. மூடியைப் பிடித்து மேல்நோக்கி ஒரே இழுப்பு. அது பிய்த்துக்கொண்டு பறந்தது. இருமுறை காய்ச்சி, வடிகட்டி, ஒருவருக்கும் கொடுக்காமல் நான் காப்பாற்றிக் கொண்டுவந்த தண்ணீர் முழுவதும் அவருடைய பட்டு வேட்டியில் கொட்டியது.

கதிர்வேலுக்கு ஒன்றும் ஆகவில்லை. விருந்துச் சாப்பாட்டில் எனக்குத்தான் வயிறு கெட்டு, மூன்று நாள் கஞ்சி.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் சோற்றாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்பதோடு மூன்றாவதாக ஒரு பக்கம் சேர்ந்துவிட்டது. கதவு திறக்காவிட்டாலும், ஊறுகாய் ஜாடி இறுகிப்போனாலும், மாடு செக்கில் முரண்டு பிடித்தாலும், "தனம் பக்கமா திருப்பு" என்பார்கள். அந்த மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தால் தண்ணீர்ச் சொம்பைக் கண்டதும் இரண்டடி தள்ளி உட்காருவார்.

கதிர்வேல் இப்போது அவன் அப்பாவின் வகுப்பிலேயே படிக்கிறான். போன வாரம் பூகோளப் பாடத்தில் அவர், "பூமி எந்தப் பக்கம் சுத்துது?" என்று கேட்டாராம். இவன் எழுந்து நின்று, "எங்கம்மா பக்கமுங்க சார்" என்றானாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

அவர் வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, "உக்காருன்னு சொன்னேன். தப்புன்னு சொல்லல" என்றார்.