ஞாயித்துக்கிழமை ஊதாத சங்கு

அன்னைக்கு எனக்கு ஒரே வேலைதான். பேஸ்பால் டீமுக்கு இடுப்புப் பயிற்சி குடுக்கணும்.

எழுபதுகள்ல சூரியநெல்லிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸ்ல நான் கணக்கெழுதுற ரைட்டர். பேனாவைத் தவிர எதையும் தூக்காத உடம்பு! எங்க மேனேஜர் துரையோட தம்பி அமெரிக்காவுல இருந்து மட்டை, பந்து, ஒரு புஸ்தகம் அனுப்பிவிட்டாரு. உடனே டீம் கிளம்பிருச்சு. இங்கிலீஷ் வாசிக்கத் தெரிஞ்ச பாவத்துக்கு நானே கேப்டன், நானே கோச்.

அதுக்கு முந்தின வருஷம் மட்டையை வீசுன வீச்சுல மூணு பேருக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. கொழுந்து மூட்டை தூக்க ஆளில்ல. துரை கண்டிப்பா சொல்லிட்டாரு: "இந்தத் தடவை டீம்ல ஒருத்தனுக்கு இடுப்புப் பிடிச்சாலும் மட்டையைப் பூட்டி வச்சிருவேன்!"

சாயங்காலம் சாந்தன்பாறைக்காரங்களோட மேட்ச். காலையிலயே எல்லாரையும் கிரவுண்டுல குப்புறப் படுக்க வச்சேன். முழங்கையும் கால்விரலும் மட்டும் தரையில. உடம்பு பலகை மாதிரி நேரா நிக்கணும்.

"வயிறும் இடுப்பும் பலமா இருந்தா சுளுக்கே வராதுலே!"

"எம்புட்டு நேரம் ரைட்டரய்யா?"ன்னு கேட்டான் சுடலைமுத்து. தெனமும் கொழுந்து மூட்டையைச் சுமந்து மலையேறுறவன். அவனுக்கு நான் இடுப்பு பலம் சொல்லிக்குடுக்கேன், பாத்துக்கிடுங்க!

எஸ்டேட்ல யாரு கையில வாட்ச் இருக்கு? தேயிலை ஃபேக்டரியில ஊதுற சங்குதான் எங்களுக்கு மணி.

"எட்டு மணிச் சங்கு ஊதுற வரைக்கும். அதுக்கு முன்னாடி விழுறவன் டீம்லயே கிடையாது!"ன்னு சொல்லிட்டு நானும் படுத்தேன்.

சங்கு ஊதல.

வேர்வை மூக்கு நுனியில சொட்டுது. பக்கத்துல சுடலைமுத்து சாவகாசமா மச்சினன் கல்யாணக் கதை பேசிக்கிட்டிருக்கான். எந்திரிச்சா மானம் போகும். எந்திரிக்கலைன்னா உசிரு போகும்!

இடுப்புல மளுக்குன்னுச்சு. "ஐயோ அம்மா!"ன்னு விழுந்தேன்.

"எலேய், சங்கு ஏம்லே ஊதல?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்லா? லீவு நாள்ல என்னைக்கு ஊதிருக்கு?"ன்னான் சுடலைமுத்து, அப்பவும் பலகையாவே நின்னுக்கிட்டு.

"தெரிஞ்சா சொல்லக் கூடாதா?"

"படிச்சவுக, ஏதாவது காரணமாத்தான் சொல்லுவீகன்னு இருந்தோம்."

என்னைக் கொழுந்து மூட்டை மாதிரி தோள்ல போட்டு டிஸ்பென்சரிக்குத் தூக்கிட்டுப் போனான். வாசல்ல துரை!

"யாருக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு? டீம் ஆளா?"

மட்டை போச்சுன்னே நெனச்சேன்.

சுடலைமுத்து அசரவே இல்ல. "இல்லைங்க துரை. சங்குக்கு முன்னாடி விழுறவன் டீம்ல கிடையாதுன்னு அவுகளேதான் சொன்னாக."

சாயங்காலம் டீம் ஜெயிச்சுது, டீம்ல ஒருத்தருக்கும் இடுப்புப் பிடிக்கல. என் பயிற்சி அவ்வளவு ஒசத்தி!