லியாவ் வாத்தியார் கடலை எரித்த ஞாயிற்றுக்கிழமை

ஒரு கைப்பிடி வேர்க்கடலைக்காக விஞ்ஞானத்தையே அடகு வைப்பது என்று லியாவ் வாத்தியார் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முடிவு செய்தார். அவருக்கு அது அப்படித் தோன்றவில்லை என்பது வேறு விஷயம். விஞ்ஞானத்தின் துணையோடு தன் உரிமையை மீட்கப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டார். பல் துலக்கிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்து, "இன்றோடு அடிமை வாழ்வு ஒழிந்தது!" என்றார். நுரை கண்ணாடியில் தெறித்தது. உடனே துடைத்தார். துடைக்காவிட்டால் மனைவி யூ-லான் கேட்பாள்.

விஷயம் இதுதான். பெய்காங்கில் பிறந்தவனுக்கு வேர்க்கடலை தின்பண்டம் இல்லை, மூச்சு. வாசலைத் திறந்தால் வறுகடலை வாசனை. கோயிலுக்குப் போனால் வழி நெடுகக் கடலை மிட்டாய்க் கடை. அந்த ஊர்ப் பள்ளியில் தலை நரைக்க நரைக்க வேதியியல் சொல்லிக்கொடுத்த மனிதருக்குப் போன வசந்தத்தில் நெஞ்சு வலி வந்து, ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரிக்கு மேல் போகாதீர்கள் என்றார் டாக்டர். சொன்னதோடு அவர் விட்டுவிட்டார். யூ-லான் விடவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, சோயா சாஸ் ஊற்றுகிற குட்டிக் கிண்ணத்தில் பத்துக் கடலை வரும். எண்ணி வைத்த பத்து.

"பதினொண்ணு வெச்சா குடி முழுகிடுமா?" என்பார் வாத்தியார்.

"குடி முழுகாது. குழாய் அடைச்சுக்கும்."

"ஒரு கடலைக்கு வெறும் அஞ்சு கலோரி, யூ-லான்!"

"பத்தாவதுக்கும் அதே அஞ்சுதான். அதையும் எடுத்துடட்டுமா?"

வாத்தியார் பத்தையும் அணைத்துக்கொண்டு நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

இப்படிப்பட்ட மனிதர்தான் சனிக்கிழமை வகுப்பறை அலமாரியைத் துடைக்கும்போது அந்தத் தகர டப்பாவைப் பார்த்தார். காலிச் சோடா டப்பா. அதில் நூறு மில்லி தண்ணீர் ஊற்றி, வெப்பமானியைச் செருகி, அடியில் ஒரு கடலையைக் கொளுத்தினால் தண்ணீர் சூடாகும். எத்தனை டிகிரி ஏறியதோ அதை வைத்துக் கடலைக்குள் எவ்வளவு கலோரி என்று கணக்குப் போடலாம். ஏழைப் பள்ளிக்கூடத்தின் கலோரிமானி அது. வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவார். அதில் ஒரு கோளாறு உண்டு. தீயின் சூடு பாதிக்கு மேல் டப்பாவைத் தொடாமலே காற்றில் போய்விடும். அதனால் விடை எப்போதும் குறைவாகத்தான் வரும்.

எப்போதும் குறைவாகத்தான் வரும்! அலமாரி முன்னால் நின்றபடி வாத்தியார் தனக்குத் தானே கைகுலுக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை மேசையில் எல்லாம் தயார். டப்பா, தண்ணீர், வெப்பமானி, கார்க்கில் குத்திய ஊசி, ஊசி முனையில் ஒரு கடலை. யூ-லான் பூண்டு உரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். வாடைக்காற்று ஊரையே பெயர்த்துக்கொண்டு போகிற காலம். வாத்தியார் ஜன்னலை அகலத் திறந்து வைத்தார்.

"ஜன்னல் எதுக்கு? குளிர் எலும்பைத் தொடுது."

"புகை போக வேணாமா?"

"ஒத்தைக் கடலைப் புகைக்கா?"

"பாதுகாப்பு விதி, யூ-லான். உனக்குப் புரியாது."

திறந்த ஜன்னல் வழியாக எதிர்வீட்டு ஆ-ஷெங் தலையை நீட்டினான். மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பழுது பார்க்க எதுவும் இல்லாவிட்டால் பக்கத்து வீடுகளைப் பார்ப்பான்.

"என்ன வாத்தியாரே, கடலையைக் கழுவேத்துறீங்க?"

"உண்மையை வெளியில கொண்டாறேன். பேசாம பாரு."

கடலை பற்றிக்கொண்டது. எண்ணெய் உள்ள சரக்கு, ஜோராக எரிந்தது. ஆனால் காற்று அடித்த அடியில் தீ படுத்துக்கொண்டது. டப்பாவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சூடாக்கியது. வாத்தியாரின் சட்டைக் கையைக்கூட ஒருமுறை நக்கிப் பார்த்தது. கடலை கரியானதும் வாத்தியார் வெப்பமானியை எடுத்துக் கண்ணருகே பிடித்தார்.

"ஒன்பது டிகிரி! கணக்குப் போட்டா ஒரு கலோரிகூட முழுசா வரல. பாக்கெட்ல அஞ்சுன்னு அச்சடிச்சிருக்கான் பாரு! அஞ்சாம்!"

யூ-லான் பூண்டைக் கீழே வைத்தாள். "இன்னொன்னு எரிங்க."

எரித்தார். அதே கதைதான்.

"அப்போ ஒரு கடலைல ஒரு கலோரிதானா?"

"அதேதான். பத்து எடுக்கிற எடத்துல நான் அம்பது எடுக்கலாம். இது நான் சொல்லல, விஞ்ஞானம் சொல்லுது."

"கடலைக்கு மட்டும்தான் இப்படியா? மத்ததெல்லாம் சரியா அச்சடிச்சிருப்பானோ?"

இங்கேதான் வாத்தியார் நிறுத்தியிருக்க வேண்டும். வெற்றி தலைக்கேறியவன் எங்கே நிறுத்துவான்? "எல்லாமே அப்படித்தான்! அச்சடிச்ச எண்ணை நம்பவே கூடாது. எதையும் அளந்து பாக்கணும்" என்று மேசையைத் தட்டினார்.

யூ-லான் எழுந்து போய் ஒரு அரிசி அப்பளத்தையும் காய்ந்த வள்ளிக்கிழங்குத் துண்டு ஒன்றையும் கொண்டுவந்தாள். அவருக்கு அனுமதிக்கப்பட்ட தின்பண்டங்கள். இரண்டையும் ஊசியில் குத்திக் கொளுத்தினார்கள். இரண்டும் பாக்கெட்டில் போட்டிருந்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் காட்டின. ஆ-ஷெங் ஜன்னலுக்கு வெளியே கைதட்டினான். வாத்தியார் வகுப்பில் குனிவதுபோல லேசாகக் குனிந்துகொண்டார்.

யூ-லான் கைதட்டவில்லை. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"ஏங்க, அப்படின்னா டாக்டர் ஆயிரத்து ஐந்நூறு சொன்னாரு. நான் பாக்கெட்டைப் பாத்துப் பாத்துப் போட்டேன். நெசத்துல உங்க வயித்துக்குப் போனது முந்நூறா?"

வாத்தியார் வாயைத் திறந்தார். இந்தப் பக்கத்திலிருந்து அவர் யோசித்துப் பார்க்கவே இல்லை.

"இத்தனை மாசமா உங்களைப் பட்டினி போட்டிருக்கேனே!" என்று யூ-லான் சமையல் மேலங்கியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நெஞ்சு வலி கண்ட மனுஷனுக்கு முந்நூறு கலோரி! நாய்க்குட்டிக்குக்கூட யாரும் இப்படிப் போட மாட்டாங்க!"

"அப்படியெல்லாம் இல்ல, யூ-லான்..."

"இன்னிக்கு ராத்திரி நல்லெண்ணெய்க் கோழி பண்றேன். பன்றிக்கறிச் சோறு பண்றேன். தோலோட வாத்து வாங்கறேன். இந்தாங்க, மொதல்ல இதைத் தின்னுங்க!" கடலை டப்பாவையே தூக்கி அவர் முன்னால் வைத்தாள். கிண்ணம் இல்லை. எண்ணிக்கை இல்லை. முழு டப்பா.

வசந்தத்திலிருந்து கனவு கண்ட டப்பா அது. வாத்தியார் ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டார். இன்னொன்று. மூன்றாவதை மெல்லும்போது எதிரே விசும்பல் கேட்டது. நாலாவதை டப்பாவிலேயே திருப்பிப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த நாட்களில் யூ-லான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். வீட்டுக்கு வந்த பிறகு, கடலை என்றால் உயிரை விடுகிறவள், ஒரு கடலைகூடத் தொடவில்லை. "உங்க எதிர்ல எப்படித் திங்கிறது?" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதோடு சரி. வாத்தியாருக்கு இதெல்லாம் இப்போதுதான் ஞாபகம் வரவேண்டுமா? முன்பு ஒரு பெண், பரிசோதனையில் பதினாறு டிகிரியைப் பதினெட்டு என்று திருத்தி எழுதியதற்கு அவர் முட்டை மார்க் போட்டிருக்கிறார். அந்தப் பெண் அழுதாள். திருத்தின கை நல்ல கை இல்லை என்று அவளிடம் பிரசங்கம் வேறு செய்திருந்தார். இப்போது அவருடைய கையைப் பார்க்க அவருக்கே பிடிக்கவில்லை.

யூ-லான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆணியில் தொங்கிய கம்பளிச் சட்டையை மாட்டினாள்.

"எங்க கிளம்பற?"

"மாஸு அம்மா கோயிலுக்கு. கட்டின புருஷனைப் பட்டினி போட்டவளுக்கு வேற எங்க போக்கிடம்? வர்ற வசந்தத்துல அம்மா பல்லக்குக்குப் பின்னால யாத்திரை முழுசும் நடந்தே வர்றேன்னு வேண்டிக்கப் போறேன்."

"உன் முட்டியை வெச்சுக்கிட்டா? நாலு படி ஏறினா ரெண்டு நாள் படுக்கிறவ!"

"பாவம் பண்ணின முட்டி. நடக்கட்டும்."

வாசலில் ஆ-ஷெங் காத்திருந்தான். "வாத்தியாரே, அந்த டப்பாவை மத்தியானம் நம்ம வீட்டுக்குக் கொண்டாங்க. என் பொண்டாட்டிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ரெண்டு கிண்ணம் கறிச்சோறு இப்பவே கேட்டுட்டேன்."

"கொஞ்சம் பொறுடா."

"என்னத்துக்குப் பொறுக்கணும்? நீங்க சொன்னாப் போதாதா? உங்களை விடப் படிச்சவன் இந்தத் தெருவுல யாரு?"

ஆ-ஷெங்குக்கு சர்க்கரை வியாதி. வாத்தியார் மனைவியின் பின்னால் நடந்தார். வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. அவருக்கு அது சரியென்றே பட்டது.

கோயிலில் ஊதுபத்திப் புகை. கூட்டம். யூ-லான் மாஸு அம்மாவின் முன்னால் முழங்காலிட்டாள். முட்டி சடக்கென்றது வாத்தியாருக்கே கேட்டது. கையில் இரண்டு சிவப்புப் பிறைக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உருண்டை. மனசுக்குள் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கீழே போட வேண்டும். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க விழுந்தால் தெய்வம் சரி என்கிறது. பெரிய காரியம் என்றால் தொடர்ந்து மூன்று தடவை சரி வர வேண்டும். வாத்தியார் இதைப் பார்க்கும்போதெல்லாம், "ரெண்டு மரத்துண்டு. பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதுக்குப் பேர் தெய்வ வாக்கா?" என்று சொல்லாமல் இருந்ததில்லை. இன்றைக்கு அவர் சொல்லவில்லை.

யூ-லானின் உதடுகள் அசைந்தன. கட்டைகள் விழுந்தன. ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க.

மறுபடி உதடுகள் அசைந்தன. மறுபடி விழுந்தன. சரி.

இன்னும் ஒன்றுதான். அதுவும் சரி என்று விழுந்தால் இவள் முட்டி போய்விடும். எல்லாம் பத்துக் கடலையை ஐம்பதாக்க ஆசைப்பட்ட ஒருவனால். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததாலேயே பயம் அதிகமாயிற்று. யூ-லான் கட்டைகளை நெற்றிக்கு உயர்த்தினாள். வாத்தியார் பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போடாத! நான் பொய் சொன்னேன்! கடலைக்கு அஞ்சு கலோரிதான். நீ பட்டினி போடல. ஜன்னலை வேணும்னுதான் தொறந்து வெச்சேன். சூட்டுல பெரும்பகுதி டப்பாவுக்குப் போகாம..."

"'சுற்றுப்புறத்துக்கு இழக்கப்படுகிறது.' ரெண்டு மார்க்" என்றாள் யூ-லான்.

வாத்தியார் விழித்தார்.

"வருஷா வருஷம் உங்களுக்குக் கண் வலிக்குதுன்னு விடைத்தாளை யாரு திருத்தறது? 'விடை ஏன் குறைவாக வருகிறது?' ஆறாவது கேள்வி. நூறு பிள்ளைங்க எழுதி நான் படிச்சிருக்கேன். ஜன்னலைத் தொறந்து வெச்சதா மட்டும் ஒருத்தரும் எழுதினதில்ல. அதுக்குத் தனியா அரை மார்க் கழிக்கணும்."

"தெரிஞ்சுதான் அழுதியா?"

"அழுகை பாதி நெசம். பூண்டு உரிச்ச கை பாதி."

"அப்போ மாஸு அம்மாகிட்ட என்ன கேட்ட? யாத்திரையா?"

"என் முட்டிக்கு என்ன பைத்தியமா? என் புருஷன் தானா உண்மையைச் சொல்லிடுவாரான்னு கேட்டேன். ரெண்டு தடவை சரின்னாங்க. மூணாவது நீங்களே சொல்லிட்டீங்க."

வாத்தியார் அங்கேயே, ஊதுபத்திப் புகை நடுவில், அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. அதைவிட, இவள் தன்னை நம்பித்தான் இரண்டு தடவை போட்டாள் என்பது நெஞ்சில் ஸ்டென்ட் இருந்த இடத்திலேயே குத்தியது. "மன்னிச்சுக்க, யூ-லான்" என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆ-ஷெங் வீட்டுக்கு நேராப் போய் நீங்களே சொல்லணும். கறிச்சோறு திங்கிறதுக்கு முன்னாடி."

"சொல்றேன்."

"இன்னொண்ணும் சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை உங்க ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போனேனே, டாக்டர் ரொம்ப சந்தோஷப்பட்டாரு. இனிமே தினம் ஒரு கைப்பிடி கடலை தரலாம்னாரு. எண்ண வேணாம்னாரு. இன்னிக்கு மத்தியானச் சாப்பாட்டுல சொல்லலாம்னு வெச்சிருந்தேன். காலைலயே டப்பாவைத் தூக்கிட்டு வந்துட்டீங்க."

மத்தியானம்! ஒரு காலைப்பொழுது சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், தானாக வந்திருக்கும். அவளே சிரித்துக்கொண்டு கொண்டுவந்து வைத்திருப்பாள். அந்தச் சிரிப்பையும் சேர்த்து எரித்துவிட்டோமே என்று வாத்தியாருக்குத் துக்கமாக இருந்தது. ஆனாலும் மனிதருக்குச் சபலம் விடுமா?

"இப்போ அந்தக் கைப்பிடி..." என்று இழுத்தார்.

"என்னைக் கேட்டா? அவங்களைத்தான் கேக்கணும்." யூ-லான் கட்டைகளை எடுத்துக் கண்ணை மூடினாள். உதடுகள் அசைந்தன. "சின்ன விஷயம். ஒரு தடவை போதும்."

பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று ஆயுள் முழுக்கச் சொன்னவர், கைகளைக் கூப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மரத்துண்டுகளையே பார்த்தார். ஒன்று குப்புற விழுந்தது. இன்னொன்று உருண்டு, ஆடி, யோசித்து, மல்லாந்தது.

"சரி! சரின்னுட்டாங்க!" வாத்தியார் துள்ளி எழுந்தார். பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "என்ன கேட்ட, யூ-லான்? எப்போலேருந்துன்னு கேட்டியா?"

யூ-லான் அவர் தோளைப் பிடித்து மெல்ல எழுந்து, முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"உங்க கைப்பிடியை இந்தக் குளிர்காலம் முடியற வரைக்கும் நானே தின்னுக்கட்டுமான்னு கேட்டேன்."