அகராதி அழிந்த காலை

அக்கா தன் வாழ்நாளில் தவறான விண்டோவில் கட்டளை தட்டியது அந்த ஒரே முறைதான். பழைய பிரதியை அழிக்கப் போனவர், பதினோரு பேர் எட்டு வருடமாகச் சேர்த்த அகராதியை அழித்துவிட்டார். மாலையில் அச்சுக்குப் போக வேண்டியது.

பதிப்பகத்தின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்த்தவர் அவர். அவரைவிட இருபது வயது மூத்த அகராதி ஆசிரியர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"நகல் இருக்குமே அக்கா?" என்றார் ஆசிரியர்.

இருந்தது. நகல் கம்ப்யூட்டர் மணிக்கொரு முறை மூலத்தைப் பார்த்துத் தன்னையும் அப்படியே மாற்றிக்கொள்ளும். பதினொன்று அடித்து ஒரு நிமிடம் ஆகியிருந்தது. அங்கேயும் அகராதி இல்லை.

ஆசிரியர் உட்கார்ந்துவிட்டார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"யாரும் எதையும் எழுதாதீங்க. எல்லாத்தையும் மூடிட்டு வெளிய வாங்க," என்று அக்கா குரல் கொடுத்தார். அழிந்த இடத்தின் மேல் வேறு ஏதாவது பதிந்துவிடுமே என்ற பயம். எல்லோரும் சமர்த்தாக மூடினார்கள். கடைசி ஆளும் மூடிய பிறகுதான் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என்னக்கா ஆச்சு?" என்றார் பிழைதிருத்துபவர்.

"அழின்னு சொன்னா உள்ள என்ன நடக்கும் தெரியுமா? வாசல்ல இருக்கற பேர்ப்பலகையைக் கழட்டும், அவ்வளவுதான். உள்ள ஆள் இருக்கற வரைக்கும் வீட்டை இடிக்காது. உள்ள இருந்த உங்க எல்லாரையும் நானே வெளிய கூப்பிட்டுட்டேன்."

"நாங்க மூடாம இருந்திருந்தா?"

"கேக்காத தம்பி."

அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். "மொத்தமா ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் சரியாயிடும்," என்று மெயின் சுவிட்சை நோக்கி நடந்தார். அக்கா குறுக்கே போய் நின்றார். மேலாளரின் தோள் உயரம்தான் இருப்பார்.

"அதைத் தொட்டீங்கன்னா நாளைக்கு நான் வேலைக்கு வர மாட்டேன் சார்."

"நாளைக்கு நீ வரணுமான்னுதான் நானும் யோசிச்சிட்டு இருக்கேன்மா."

பிழைதிருத்துபவரைச் சுவிட்சுக்குக் காவல் வைத்துவிட்டு அக்கா தன் இடத்துக்குத் திரும்பினார். பெயரை இழந்தும் இன்னும் திறந்திருக்கிற கோப்பு ஏதாவது உண்டா என்று கம்ப்யூட்டரிடம் கேட்டார். திரையில் ஒரே ஒரு வரி வந்தது. இருபத்து மூன்று நாளாக யாரோ அகராதிக்குள்ளேயே இருக்கிறார்கள். இடம், மேலாளர் அறை.

"வாய்ப்பே இல்ல. நான் தினமும் ஆஃப் பண்ணிட்டுத்தான் வீட்டுக்குப் போறேன். வா, காட்டறேன்."

"நீங்க மட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க சார். கும்பிட்டுக் கேக்கறேன்."

திறந்திருந்த அந்த ஒரு வாசல் வழியாகவே உள்ளே இருந்ததையெல்லாம் அள்ளி, புதுப் பெயரில் எழுதச் சொன்னார் அக்கா. நான்கு நிமிடம் ஆயிற்று. விரல் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

ஆசிரியர் முதல் சொல்லைத் தேடினார். கடைசிச் சொல்லைத் தேடினார். முந்தின நாள் மாலை சேர்த்ததையும் தேடினார். எல்லாம் இருந்தன. யாருக்கும் எழுந்து நிற்காத மனிதர் எழுந்து நின்றார். அவரைப் பார்த்து அறை முழுவதும் எழுந்தது. அக்கா எங்கே பார்ப்பதென்று தெரியாமல் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இருந்தாலும், என் அறையில அது எப்படித் திறந்திருக்கும்?" என்றார் மேலாளர்.

தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "நீங்க தினமும் அணைக்கறது டிவி மாதிரி இருக்கறதை மட்டும்தான் சார். கீழ இருக்கற பெட்டி எப்பவும் சூடாத்தான் இருக்கும். சொன்னா சங்கடப்படுவீங்களேன்னு மூணு வருஷமா நான் வாயைத் திறக்கல."