முப்பத்தெட்டுப் புள்ளி வாங்கிய முதலாளி

வெண்கட்டியார் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு முதலீட்டு நிறுவனத்துக்கு வந்தாரா, அல்லது முதலீட்டு நிறுவனத்தைப் பல்கலைக்கழகமாக்க வந்தாரா? இன்றுவரை எனக்கு விடை தெரியாது. கொழும்பில் கோடீஸ்வரர்களைக் கைகட்டி நிற்கவைத்த ஒரே கணித விரிவுரையாளர் அவர்தான் என்பது மட்டும் நிச்சயம்.

சட்டைப் பையில் எப்போதும் கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டி வைத்திருப்பார். அதனால் அந்தப் பெயர். சண்டைக்காலத்தில் வளாகம் திறந்திருந்த நாட்களைவிடப் பூட்டியிருந்த நாட்களே அதிகம். வெறுத்துப்போய், கொழும்புக் கோட்டையில் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு மாறினார். அவரிடம் தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்த என்னையும் கூப்பிட்டார். எனக்குக் கைக்குழந்தை; கணவருக்கு நிரந்தர வேலை இல்லை. சரியா பிழையா என்று யோசித்து யோசித்து, இனியும் யோசித்தால் போகமாட்டேன் என்று பயந்தே போய்ச் சேர்ந்தேன். தகுதிகாண் காலம் முடிந்தால்தான் வேலை உறுதி.

முதல் கூட்டத்திலேயே பணிப்பாளர் சபைக்கே பெயர் கூப்பிட்டு வரவு எடுத்தார். பிந்தி வந்த தலைவரிடம், "சத்தம் போடாமல் பின்னுக்குப் போய் இரும்" என்றார். தலைவர் போய் இருந்தார்.

"டொக்டர், இந்தப் பங்கை வாங்கலாமோ, வேண்டாமோ? ஒரு சொல்லிலை சொல்லுங்கோ" என்பார்கள் பணிப்பாளர்கள்.

"ஒரு சொல்லிலை சொல்லுறவர் சாத்திரி. நான் கணக்கு ஆள்." தேக்குப் பலகைச் சுவரில் எழுதத் தொடங்கிவிடுவார்.

வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் அவர் பையிலிருந்த வெண்கட்டியை எடுத்து, "மே மொக்கத?" என்று, அது என்னவெனக் கேட்டான். இவர் ரோட்டில் குந்தியிருந்து, சிங்களத்தில் கூட்டுவட்டியை விளங்கப்படுத்தினார். நான் அடையாள அட்டையை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றேன். அவனோ, "ஹரி சேர், யன்ன, யன்ன" என்று கும்பிடாத குறையாக அனுப்பிவைத்தான்.

இவ்வளவையும் பொறுத்த தலைவர், கொட்டாஞ்சேனை பிஸ்கற் முதலாளியின் விசயத்தில்தான் வெடித்தார். இரண்டாவது தொழிற்சாலைக்கு எங்கள் நிறுவனத்திடம் முதலீடு கேட்டு அவர் அனுப்பிய திட்டத்தை, வெண்கட்டியார் சிவப்பு மையால் திருத்தி, 'முயற்சி போதாது. 38. மீண்டும் எழுதுக' என்று போட்டுத் தபாலில் திருப்பி அனுப்பியிருந்தார்.

"அந்த மனுசன் கோவிச்சுக்கொண்டு போனால், நீங்கள் ரெண்டு பேரும் வீட்டை போகலாம்!" என்றார் தலைவர். எனக்குப் பிள்ளையின் பால்மா ரின்தான் கண்முன் நின்றது.

மறுநாள் முதலாளி வந்தார். பேரப்பிள்ளை கண்ட மனிதர். நேரே வெண்கட்டியாரின் மேசைமுன் நின்றார்.

"சேர், பாஸ் மாக்ஸ் எவ்வளவு?"

"நாற்பது."

"ரெண்டுதானே குறையுது. கொஞ்சம் பார்த்துப் போட ஏலாதா?"

"உமக்குப் போட்டால் மற்றப் பிள்ளையளுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

முதலாளி என் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு, திட்டத்தைத் திரும்ப எழுத உட்கார்ந்தார். எழுத எழுதத்தான், பழைய திட்டப்படி போயிருந்தால் முதல் தொழிற்சாலையும் சேர்ந்து மூழ்கியிருக்கும் என்று அவருக்கே விளங்கியது. இரண்டாம் தடவை அறுபத்தொன்று எடுத்தார். முதலீடும் கிடைத்தது. எங்கள் வேலையும் தப்பியது.

வேலை உறுதியான அன்று கழிவறைக்குள் போய் நிம்மதியாக அழுதேன். தலைவரின் செயலாளர் பிறகுதான் சொன்னா: "உங்களை நிப்பாட்டினால் தானும் போயிடுவன் எண்டு டொக்டர் நிண்டவர், தெரியுமோ?"

மகனுக்கு இப்போது மூன்று வயது. வருகிற விஜயதசமிக்கு ஏடு தொடக்க வேண்டும். என் மாமியார் கோயில் ஐயரிடம் சொல்லிவைத்துவிட்டார். எனக்கோ, வெண்கட்டியார் அந்தச் சின்ன விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதவேண்டும் என்று ஆசை. மாமியின் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.