ஒன்பது பொருத்தமும் கட்டற்ற உரிமமும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கட்டற்ற மென்பொருள் என்பது, இந்தாப்பா மாடு, நன்றாகப் பல்லைப் பார்த்துக்கொள் என்று நாமே வாயைத் திறந்து காட்டுவது. எவரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இதைச் செஞ்சியில் கண்ணில் பட்டவரிடமெல்லாம் பிரசங்கம் செய்துகொண்டிருந்த காலத்தில், நான் என் மாட்டுக்குப் பொய்ப்பல் கட்டியிருந்தேன்.

கலைச்செல்வி பனமலைப் பெண். விழுப்புரம் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் பழக்கம். இருவரும் கம்ப்யூட்டர்தான் படித்தோம். இரண்டு வீட்டிலும் பெரிய எதிர்ப்பில்லை. அவள் அப்பா மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்: "பொருத்தம் இருந்தா கட்டிக் குடுக்கிறேன். இல்லன்னா பேச்சே இல்ல."

அப்போது நான் வேலை தேடிக்கொண்டிருந்தேன். (வீட்டில் அதற்குத் தண்டச்சோறு என்று பெயர்.) பொழுது போகாமல், பத்துப் பொருத்தம் பார்க்கும் மென்பொருள் ஒன்றை எழுதி, இரு வீட்டாரும் நம்பும் கடைத்தெரு ஜோசியரின் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருந்தேன். எங்கள் ஜாதகத்தைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். நாலு. எல்லாவற்றிலும் முக்கியமான ரஜ்ஜு இல்லவே இல்லை. அழுகை வந்தது. அழுதுகொண்டே ஒரு வரி சேர்த்தேன்: இந்த இரண்டு பிறந்த நேரமும் சேர்ந்து வந்தால் ஒன்பது என்று சொல். பத்து என்றால் சந்தேகம் வரும். (திருடனுக்கும் ஓர் அடக்கம் வேண்டாமா?)

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாக, அதைக் கட்டற்ற உரிமத்தில் இணையத்தில் வெளியிட்டேன். வேலை கேட்டுப் போகும் இடத்தில் காட்ட ஏதாவது வேண்டுமே! அந்த ஒரு வரியை யார் மெனக்கெட்டுப் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

ஒருவர் படித்தார். முன்பின் தெரியாத அந்தப் புண்ணியவான் ஒரு திருத்தமும் அனுப்பினார். என் வாழ்க்கையில் எனக்கு வந்த முதல் திருத்தம்! எதைத் திருத்தியிருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல், ஆனந்தமாக ஏற்றுக்கொண்டு, கைகூப்பும் படத்தோடு நன்றியும் எழுதினேன். ஜோசியரின் கம்ப்யூட்டரும் கர்மசிரத்தையாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.

பொருத்தம் பார்க்கும் நாளில் இரண்டு குடும்பமும் ஜோசியர் அறையில் கூடின. நான் ஒன்பதுக்கு ஏற்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஜோசியர் தட்டிப் பார்த்தார்.

"நாலுதான் வருது. ரஜ்ஜு தட்டுது."

"ஒன்பது வரணுமே!" என்றேன். எழுந்து நின்று வேறு சொன்னேன்.

மாமா (அன்றைக்கு இன்னும் மாமா ஆகவில்லை) திரும்பினார். "உனக்கு எப்டிப்பா தெரியும்?"

"மெஷின்ல ஏதோ கோளாறு..."

"மெஷினுக்கு எழுதிக் குடுத்ததே நீதான?"

என் நைனா கூரையைப் பார்த்தார். கலைக்கு என் தில்லுமுல்லு எதுவும் தெரியாது. எனக்கு உதவுவதாக நினைத்து, கோளாறு என்னவென்று பார்க்க, போனில் அந்த மென்பொருளின் இணையப் பக்கத்தைத் திறந்து, கடைசித் திருத்தத்தின் குறிப்பை உரக்கப் படித்தாள்.

"'குறிப்பிட்ட இருவருக்கு மட்டும் ஒன்பது என்று காட்டும் வரி நீக்கப்பட்டது. காரணம் புரியவில்லை. காதலாக இருக்கலாம்.'" குரல் இறங்கியது. "கீழ இவரு நன்றின்னு கும்பிடு போட்டுக்கீறாரு."

மானம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இனி இவள் எனக்கில்லை என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. அவள் அம்மா மகள் முகத்தைப் பார்த்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"ஜோசியரே, நேரம் தப்பு. இவ பொறந்தது காலைல இல்ல, சாயந்தரம்."

"இன்னாடி சொல்ற? காலைலதான..." என்றார் மாமா.

"நீங்க கழனில இருந்தீங்க. பெத்தது நானு."

ஜோசியர் மாற்றிப் போட்டார். ஏழு. ரஜ்ஜுவும் இருந்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும், நான் கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்தால்கூட, "எதுக்கும் உள்ள தொறந்து பாரு கலை" என்கிறார் மாமா. அத்தையிடம் ஒருநாள் தனியாகக் கேட்டேன், நிஜமாகவே சாயந்தரம்தானா என்று.

அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "நீங்க மெஷின மாத்துனீங்க. நானு மண்டகப்பட்டு ஜோசியருகிட்ட போயி, எந்த நேரம் சொன்னா சேரும்னு முன்னாடியே கேட்டு வெச்சிக்கினேன்."

(மாமா இந்தக் கட்டுரையெல்லாம் படிக்க மாட்டார்.)