ஆடி பிறக்கும் முன் வாங்கிய கிளி

"தெரியாது" என்ற சொல்லை நான் வாய்விட்டுச் சொல்லப் பழகியபோது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அதற்கு முன் யார் எதைக் கேட்டாலும் எனக்குத் தெரியும். மாட்டுக்கு என்ன நோய் என்று தெரியும். மழை எப்போது வரும் என்று தெரியும். பதுளைக்கு ரயில் பாதை எந்த மலையைக் குடைந்து வரப்போகிறது என்றுகூடத் தெரியும் (பாதை போடுகிற இஞ்சினீயர்களுக்கே அப்போது அது தெரியாது). அந்த வரிசையில்தான் கிளியும் வந்து சேர்ந்தது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்பிவிட்டு, பின்னாலேயே ஏறிப்போய், கொழுந்து பறிக்கும் பெண்களை அதட்டிக்கொண்டு நிற்பது என் உத்தியோகம். கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. மனைவி சொர்ணம் பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். கடைக்கு மேலேயே வீடு. வண்டிச் சத்தமும் பேரம் பேசும் சத்தமும் கேட்டு வளர்ந்தவள். நான் அவளைக் குடிவைத்த வீடோ தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைவிட்டுத் தள்ளி, தேயிலை மலையின் அடியில் தன்னந்தனியாக நின்றது. விடியும் முன் போனால் பொழுது சாய்ந்துதான் நான் திரும்புவேன். வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன். (அந்த ஒரு வேலையில் மட்டும் நான் உண்மையிலேயே கெட்டிக்காரன்.)

ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொர்ணம் சொன்னாள்:

"ஆடிக்கு அண்ணன் வந்து கூட்டிக்கிட்டுப் போவும்."

"ஆமா, வழக்கந்தானே."

"போனா நான் திரும்பி வரமாட்டேன்."

புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதும், ஆவணி பிறந்ததும் கொண்டுவந்து விடுவதும் எங்கள் வழக்கம். வரமாட்டேன் என்பது வழக்கத்தில் கிடையாது. சோறு பிசைந்த கையோடு நிமிர்ந்தேன்.

"ஏன்? இங்க ஒனக்கு என்ன கொறை?"

"கொறை சொல்றதுக்குக்கூட ஒரு ஆளு இல்லீங்க. அதான் கொறை. நேத்து அடுப்புகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்."

வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும், இனி சீக்கிரம் வருகிறேன், இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று சொல்லியிருப்பான். எனக்குக் கிளி ஞாபகம் வந்தது.

"கவலைய விடு. நல்லாப் பேசுற கிளி ஒண்ணு வாங்கியாந்து தாரேன்."

"ஒங்களுக்குக் கிளி பாத்து வாங்கத் தெரியுமா?"

"எனக்கா? தெரியுமாவா?" என்றேன். அதுவரை நான் கிளியை மரத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் பறந்து போகும்போது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போனேன். சந்தைக்குப் பக்கத்தில் கோழி, புறா, கிளியெல்லாம் விற்கிற ஒரு முஸ்லிம் வியாபாரி இருந்தார்; எல்லாருக்கும் அவர் நானா. தாடி வைத்த, நிதானமான மனுஷர். அவரிடம் மூன்று கிளிகள் இருந்தன. ஒன்று இறகு முளைக்காத குஞ்சு. இரண்டாவது, போகிற வருகிற எல்லாரையும் பார்த்து "வாங்க! வாங்க!" என்று அழகாகக் கூப்பிட்டது. மூன்றாவது பெரிது. கழுத்தில் சிவப்பு வளையம், தோளில் சிவப்புத் திட்டு. வாயைத் திறக்காமல், எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்னைப் பார்க்கிற மாதிரியே பார்த்தது.

"வாங்க வாங்க" என்கிற கிளியை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. ஆனால் எனக்கென்று ஒரு சித்தாந்தம் இருந்தது. இரண்டு வார்த்தை பேசுகிற கிளிக்கு இரண்டு வார்த்தைதான் தெரியும். பேசாமல் இருக்கிற கிளிக்கு எவ்வளவு தெரியும் என்று யார் கண்டது? (இந்தச் சித்தாந்தத்தை அந்த ஒரு நிமிஷத்தில்தான் கண்டுபிடித்தேன்.)

"அந்தப் பெரிச எடுங்க நானா."

"அது வாணாம் தம்பி. இந்த வாங்க வாங்கவ எடுங்க. வீட்டுக்கு நல்லம்."

"ஏன், அதுக்கு என்ன?"

"நீங்க எங்க இருக்கிற?"

"நமுனுகுல பக்கம். தோட்டத்துல."

"தோட்டத்துலயா? அப்ப சரியே வராது. தம்பி, அது முந்தி ஒரு தோட்டத்துல..."

"தெரியும் நானா, தெரியும்" என்று கையைக் காட்டி நிறுத்தினேன். நல்ல சரக்கை எந்த வெள்ளைக்காரத் துரைசாணிக்கோ எடுத்து வைத்துக்கொண்டு என்னை ஏய்க்கப் பார்க்கிறார் என்பது என் கணிப்பு. அவரும் விடாமல் மூன்று தரம் வாயெடுத்தார். மூன்று தரமும் நான் "தெரியும்" என்றேன். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டுக் கூண்டைக் கொக்கியிலிருந்து கழற்றினார்.

அத்தோடு விட்டேனா? பேசுகிற கிளிக்கு நாக்கு கறுப்பாக இருக்க வேண்டும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். நாக்கைப் பார்ப்பதற்காகக் கூண்டுக்குள் விரலைவிட்டு அலகைத் திறந்தேன். அலகு திறந்தது உண்மைதான். மூடியதும் உண்மை. நானா ஓடிவந்து, கிளியின் வாயில் மிளகாய் ஒன்றைத் திணித்து என் விரலை மீட்டு, துணிக்கிழிசலால் கட்டிவிட்டார்.

"நாக்கு எப்பிடித் தம்பி?"

"நல்ல நாக்கு" என்றேன், கண்ணில் நீர் ததும்ப.

வீட்டில் சொர்ணம் முதலில் பார்த்தது என் விரலைத்தான். பிறகு கூண்டை வராந்தாவில் தொங்கவிட்டு, கொய்யாப்பழமும் பச்சை மிளகாயும் கொடுத்து, "சொர்ணம் சொல்லு, சொர்ணம் சொல்லு" என்று ஆறு நாள் பாடம் நடத்தினாள். கிளி ஒரு சத்தமும் போடவில்லை.

"இதுவும் ஒங்கள மாதிரிதாங்க. திங்குது, தூங்குது" என்றாள்.

"எடம் மாறுன கிளி ஏழு நாளைக்கு வாயத் தொறக்காது. தெரிஞ்சுக்க" என்றேன். இதுவும் அந்த நிமிஷத்துக் கண்டுபிடிப்புதான். ஆனால் என் வாழ்க்கையில் நான் சொன்னதில் பலித்தது இது ஒன்று.

எங்கள் தோட்டத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு முனியாண்டி என்கிற பெரியவர் கொம்பு ஊதுவார். நீளமாக மூன்று தரம். அது கேட்டால் வேலை முடிந்தது, கூடையோடு மலையிலிருந்து இறங்கலாம். அதற்கு முந்தின வாரம்தான் சில பெண்கள் சூரியனைப் பார்த்து நேரம் கணித்துக் கொஞ்சம் முன்னதாக இறங்கிவிட்டார்கள் என்று நான் ஒரு பிரசங்கம் செய்திருந்தேன். "சூரியனா ஒங்களுக்குத் தொரை? கொம்புதான் தொரை. கொம்பு ஊதுனா எறங்கணும். ஊதலையா, நிக்கணும்!" என்று மலை அதிரக் கத்தியிருந்தேன்.

ஏழாம் நாள். மறுநாள் ஆடி பிறக்கிறது. மச்சான் வண்டியோடு வரப்போகிறார். அந்தக் கவலையோடு மலையில் நின்றிருந்தேன். காற்று கீழிருந்து மேலே அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று கொம்புச் சத்தம். நீளமாக மூன்று தரம்.

கல்யாணத்துக்கு மாமனார் போட்ட சங்கிலிக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். மணி பதினொன்று. காதில் வைத்தேன், ஓடியது. தட்டினேன், அப்போதும் ஓடியது. இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் கொம்பைச் சந்தேகப்படுவான். நான் மாமனாரைச் சந்தேகப்பட்டேன். பாவம், யாரோ அவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்று இரக்கப்பட்டு, முள்ளை நாலு மணிக்குத் திருப்பி வைத்தேன்.

முன்வரிசையில் பறித்துக்கொண்டிருந்த காளியம்மா கேட்டாள்: "ஐயா, பொழுது இன்னும் உச்சிக்கே வரலியே?"

"கொம்பு ஊதுச்சா, இல்லையா?"

"ஊதுச்சுங்க."

"அப்ப எறங்கு!"

காளியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "அடியே, ஐயாவே சொல்லிட்டாரு, எறங்குங்கடி!" என்று குரல் கொடுத்தாள். மலை முழுக்க இருந்த பெண்கள் காலி கூடையும் கால் கூடையுமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினார்கள். நான் பின்னால் ராஜா மாதிரி வந்தேன்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலில் துரை குதிரைமேல் இருந்தார். ஆடிக் காற்றில் பறிக்கிற கொழுந்துக்குத்தான் மவுசு அதிகம். அந்த நாட்களில் ஓர் இலை வீணானாலும் அவருக்கு ஜுரம் வந்துவிடும்.

"என்னா இது? யாரு எறங்கச் சொன்னது?"

"கொம்பு ஊதுச்சுங்க தொரை."

"மணி என்னா?"

கடிகாரத்தைப் பெருமையோடு நீட்டினேன். "நாலு பத்துங்க தொரை."

துரை ஆகாயத்தைப் பார்த்தார். குதிரையின் காலடியில் சுருண்டு கிடந்த நிழலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "முனியாண்டி கூப்பிடு!" என்றார்.

முனியாண்டி கொம்போடு ஓடிவந்து கும்பிட்டார். "நான் ஊதலைங்க தொரைகளே. எம் புள்ளைங்க மேல சத்தியம்."

அப்போது நான் ஒன்று சொன்னேன். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கூசுகிறது. "வயசாயிருச்சுங்க தொரை. மறதியில ஊதியிருப்பாரு" என்றேன். இருபது வருஷமாக ஒரு நாள்கூட நேரம் தப்பாத மனுஷர். என்னைத் திரும்பிப் பார்த்தார். கொம்பை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் அப்படி நிற்கும்போதே கொம்பு ஊதியது.

அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பின. மடுவத்திலிருந்து பார்த்தால் தெரிகிற என் வீட்டு வராந்தாவிலிருந்து வந்தது சத்தம். கூண்டுக்குள் கழுத்தை நீட்டிக்கொண்டு அந்தப் பிராணி மூன்று தரமும் குறைவில்லாமல் ஊதி முடித்தது. பிறகு யாரோ ஒரு கங்காணியின் கட்டைக்குரலில், "எறங்கு! எறங்கு! சீக்கிரம் எறங்கு!" என்று கத்தியது. எங்கள் வீட்டில் அது பேசிய முதல் பேச்சு அதுதான். கூண்டுக்குப் பக்கத்தில் சொர்ணம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தூணைப் பிடித்தபடி சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பட்சி யாருது?" என்றார் துரை.

நான் கூண்டையே பார்க்காததுபோல் மடுவத்துப் பக்கம் திரும்பினேன். காளியம்மா முந்திக்கொண்டாள். "கணக்கப்பிள்ளை ஐயாவுதுங்க தொரை. பதுளைக்குப் போயிப் பாத்துப் பாத்து வாங்கியாந்தாரு."

துரையின் மீசை இரண்டு தரம் துடித்தது. கோபமா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "நாளைக்குப் பட்சி தோட்டத்துல இருந்தா நீ இருக்கக் கூடாது. ஒன் கடியாரம் முனியாண்டிக்குக் குடு. இனி மணி பாக்கிறது அவன்" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார். பெண்கள் சிரித்துச் சிரித்துத் தள்ளாடிக்கொண்டே மறுபடி மலையேறினார்கள்.

அன்று சாயங்காலமே முனியாண்டியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கட்டுங்க ஐயா. இதுக்குச் சாவி எப்பிடிக் குடுக்குறது?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை மச்சான் வண்டியோடு வந்தார். சொர்ணம் பெட்டியையும் கிளிக்கூண்டையும் ஏற்றினாள். "ஆவணி ஒண்ணாந் தேதி நான் வந்து கூட்டியாரவா?" என்று கேட்டேன். பதில் சொல்ல வாயெடுத்தவள் என் விரல் கட்டைப் பார்த்தாள். குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. பதில் வரும் முன் வண்டி திருப்பத்தில் மறைந்துவிட்டது.

மூன்று மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு அழகாகச் சிரிக்கிறவளை வைத்துக்கொண்டு நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இனி வரமாட்டாள் என்று நினைத்தபோது அழுகை வந்தது. உள்ளே போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். நானும் அதனோடு ஏதோ பேசினேன் போலிருக்கிறது.

ஆடி இருபதாம் தேதி வேலை முடிந்து வந்தால், வாசலில் வண்டி. மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மாட்டைத் தடவிக்கொண்டிருக்கிறார். சொர்ணம் வராந்தாவில் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள்.

"இன்னும் ஆடி முடியலியே!"

"தெரியும். அங்க போயி எல்லாருக்கும் சொன்னேங்க. கடைக்கு வாரவங்க, பக்கத்து வீட்டுக்காரவங்க, ஒருத்தர் பாக்கியில்ல. நீங்க கடியாரத்தத் திருப்புனத நடிச்சே காட்டுனேன். எல்லாரும் 'அப்பறம்? அப்பறம் என்ன பண்ணுனாரு?'ங்கிறாங்க. எனக்கு என்னங்க தெரியும்? அதான் பாக்க வந்துட்டேன்."

கிளி என்ன ஆனது என்று கேட்டேன். மாமனார் அதைக் கடையில் தொங்கவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து ஜனங்கள் சேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கொம்பு ஊதியிருக்கிறது. பிரித்த சேலையை அப்படியே போட்டுவிட்டுப் பாதிப் பேர் எழுந்துவிட்டார்களாம். மறுநாளே சொர்ணம் அதை நானாவிடம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். "இது திரும்பி வாரது மூணாவது தடவ மகள்" என்று அவர் வாங்கி வைத்துக்கொண்டாராம்.

அன்று முதல் எவ்வளவு களைப்பாக வந்தாலும், அன்றைக்கு நான் செய்த முட்டாள்தனம் ஒன்றையாவது அவளிடம் சொல்லிவிட்டுத்தான் படுப்பேன். விஷயத்துக்குப் பஞ்சம் வந்ததே இல்லை.

இதன் பலன் அதோடு நிற்கவில்லை. புதுத் தம்பதிகளை ஆடியில் ஏன் பிரித்து வைக்கிறார்கள் என்பது எல்லாரும் அறிந்ததே. சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக் கூடாது. எங்கள் மூத்தவன் சித்திரையில் பிறந்தான். உறவுக்காரர்கள் விரல்விட்டு எண்ணினார்கள். மாமியார் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பிள்ளை பார்க்க வந்த காளியம்மாதான் தொட்டிலை எட்டிப்பார்த்து, "இதுவா கிளி கொண்டாந்த புள்ள?" என்றாள். பஞ்சாங்கம் பார்த்து நாங்கள் வைத்த பெயர் அன்றோடு போயிற்று.

அவன் இப்போது பண்டாரவளையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை வாத்தியார். ஊரே நடுங்கும். வீட்டில் குரலை உயர்த்தினால் மட்டும், "அடடே, கிளி கொண்டாந்த புள்ளைக்குக் கோவத்தப் பாரு" என்பாள் சொர்ணம். பேரப்பிள்ளைகள் உடனே, கிளி எப்படிப் பிள்ளை கொண்டுவரும் என்று என்னைச் சூழ்ந்துகொள்ளும். நான் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவேன். உள்ளே சொர்ணம் கதையை ஆரம்பிப்பது கேட்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, கடைசிவரை கேட்டு, அவள் சிரித்து முடித்த பிறகுதான் அங்கிருந்து நகர்வேன்.