வலிக்கவே இல்லை

"ஐயோ அம்மா!" என்று கூண்டுக்குள்ளிருந்து கிளி அலறியதும், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார்.

"இப்ப வலி பரவாயில்லம்மா. நாளைக்கு வர்றேன்" என்று வரவேற்பு மேசையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கம்பி நீட்டினார். அன்று காலையில் அப்படித் திடீரென்று குணமானவர்களில் அவர் மூன்றாவது ஆள்.

பல் டாக்டர் உள்ளறையிலிருந்து ஓடி வந்தார். அதற்குள் வரவேற்பு மேசையில் இருந்த அவருடைய மைத்துனி, கிளியின் வாயை அடைக்க ஒரு வேர்க்கடலையை நீட்டியிருந்தாள்.

வருகிறவர்கள் பயத்தை மறக்கட்டும் என்று டாக்டர்தான் ஆசை ஆசையாக அந்தக் கிளியை வாங்கி மாட்டினார். ஒரே மாதத்தில் அது உள்ளறையிலிருந்து ஒரே ஒரு வசனத்தைப் பொறுக்கிக்கொண்டது. அதுவும் கனத்த ஆண் குரலில்.

"அந்த லாரி டிரைவர்கிட்டதான் கத்துக்கிட்டிருக்கும். ஆளு மலை மாதிரி, ஊசியைப் பார்த்ததும் என்னமா நடுங்கினாரு!" என்றார் டாக்டர், பிளாஸ்திரி ஒட்டிய ஆள்காட்டி விரலை ஆட்டி. "இருபது வருஷமா என் கையால ஒருத்தருக்கும் வலிச்சதில்ல. எனக்குப் போய் இந்தக் கெட்ட பேரா?"

வெள்ளிக்கிழமை, தெருமுனைப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை பல் காட்ட வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் நானூறு பிள்ளைகளும் இங்கேதான் பல் பரிசோதனைக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால், ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் இந்த கிளினிக்கை இழுத்து மூட வேண்டியதுதான்.

முதலில் கூண்டைத் துணியால் மூடினார். இப்போது அலறல் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. உள்ளே யாரையோ என்னவோ செய்கிறார்கள் என்று நினைத்த ஓர் அம்மாள், அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கால்நடை மருத்துவரான நண்பருக்கு போன் போட்டார்.

"கத்தும்போது கடலை குடுத்தா, கத்துறதுதான் தன் வேலைன்னு அது நினைச்சுக்கும். நீங்க கண்டுக்காதீங்க. நல்ல வார்த்தை சொன்னா மட்டும் குடுங்க."

இரண்டு நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. கடலையைக் காணோமே என்று கிளி குரலை ஏற்றிப் பார்த்தது. மூன்றாம் நாள் அது போட்ட போட்டில் மைத்துனி காதைப் பொத்திக்கொண்டு கடலையை நீட்டிவிட்டாள். அன்றிலிருந்து அந்தச் சத்தமே கிளிக்கு நிரந்தரமாகிவிட்டது.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே?"

"நீங்க கதவைச் சாத்திட்டு உள்ள இருக்கீங்க மாமா. இங்க போறது என் காது!"

இனி யாரையும் நம்பிப் பயனில்லை என்று டாக்டரே கடலையும் கையுமாகக் கூண்டருகில் உட்கார்ந்தார். "சொல்லு கண்ணு, வலிக்கவே இல்லை. வலிக்கவே இல்லை..."

வியாழக்கிழமை மத்தியானம் கிளி வழக்கம்போல ஓர் அலறல் அலறிவிட்டு, "வலிக்கவே இல்லை" என்றது. டாக்டர் பூரித்துப்போய் ஒரு கைப்பிடிக் கடலையை அள்ளிப் போட்டார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கைப்பிடி என்று கிளி கணக்குப் போட்டுவிட்டது.

"ஐயோ அம்மா! வலிக்கவே இல்லை!"

யாரையோ கழுத்தை நெரித்துச் சொல்ல வைத்தது போலிருந்தது. மிச்சமிருந்த இரண்டு பேரும் போனார்கள்.

வெள்ளிக்கிழமை. "கிளியை எங்க வீட்டுக்குக் கொண்டுபோயிடவா மாமா?" என்று மைத்துனி கேட்கும்போதே தலைமையாசிரியை படியேறிவிட்டார். கிளி அவரை முழு வசனத்தோடு வரவேற்றது. அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகக் கிளியைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், நேரே உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தார்.

"பயப்படாதீங்க மேடம். அது பயந்தாங்கொள்ளிங்க கிட்ட கத்துக்கிட்டது" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் அவர் வாயில் பஞ்சை அடக்கி, விரலை நுழைத்துக் கடைவாய்ப் பல்லைத் தொட்டார்.

கூசிய வேகத்தில் வாய் டப்பென்று மூடிக்கொண்டது.

"ஐயோ அம்மா!"

வெளியிலிருந்து, "வலிக்கவே இல்லை!"

டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. கடிபட்ட விரலை உதறிக்கொண்டு, "அந்தக் கிளியை அடக்கேன்!" என்று கத்தினார்.

தலைமையாசிரியை வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"நானூறு பிள்ளைங்களையும் அனுப்பறேன் டாக்டர். போட்டி போட்டுக்கிட்டு வருவாங்க."

"கிளி இவ்வளவு கத்தியுமா மேடம்?"

கதவிடுக்கில் தலையை நீட்டிய மைத்துனி சொன்னாள்: "ரெண்டாவது மட்டும்தான் மாமா கிளி சொன்னது. வாய் நிறையப் பஞ்சை வச்சுக்கிட்டு எந்த நோயாளியால 'ஐயோ அம்மா'ன்னு கத்த முடியும்? எப்பவும் கத்தறது கடி வாங்கற நீங்கதான்!"